கோடை முழுக்கப் பூக்கும் குட்டைச் செடிகள்: மேற்கு வெயில் பாத்திக்கு எதை வைக்கலாம்?

பாதையோரம்:

எல்லோருக்கும் வணக்கம். வாசலிலிருந்து கேட் வரை போகும் சிமென்ட் நடைபாதையை ஒட்டி 12 அடி நீளம், 2 அடி அகலத்தில் ஒரு பாத்தி வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கம் செம்பருத்தி வரிசை. மேற்கு பார்த்த இடம் என்பதால் காலை வெயிலைச் செம்பருத்தி மறைத்துவிடும், பத்தரை மணிக்கு மேல் தொடங்கினால் சாயங்காலம் வரை வெயில் விடாது. இந்தப் பாத்தியில் ஓர் அடி உயரத்துக்குள் அடங்கி, தரையோடு பரவி, கோடை முழுக்கப் பூக்கும் செடிகள் வேண்டும். பாதையில் நடந்து வரும்போது காலடியில் ஒரு பூக்கம்பளம் மாதிரி இருக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

போன வருடம் நர்சரியில் நிறையப் பூவோடு இருந்ததைப் பார்த்து பெட்டூனியா, அலிசம், லொபிலியா மூன்றையும் வாங்கி வைத்தேன். மூன்று வாரம் அவ்வளவு அழகு. வெயில் ஏற ஏற லொபிலியாதான் முதலில் கருகியது, அப்புறம் அலிசம் பழுப்பாகி வைக்கோல் மாதிரி ஆனது, பெட்டூனியா மட்டும் நீளமாக வளர்ந்து நுனியில் ஒன்றிரண்டு பூவோடு நின்றது. தண்ணீர் குறைவு என்று சொல்ல முடியாது, தினமும் சாயங்காலம் ஹோஸைப் பிடித்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். இடைவெளியை நிரப்ப நித்யகல்யாணி நாலு வைத்தேன். எந்த வெயிலையும் தாங்கும் என்று எல்லோரும் சொல்கிற செடி, அதுவும் தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டது. எனக்குப் புரியாதது அதுதான்.

இந்த முறை எந்தச் செடி, விதை போடலாமா நாற்று வாங்கலாமா, 12 அடிக்கு எத்தனை செடி வேண்டியிருக்கும், தண்ணீர் எப்படி விட வேண்டும், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும் ஒரு நாயும் உண்டு, அதையும் மனதில் வைத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.


மண்வாசம்:

வாங்கிய மூன்றில் இரண்டு கோடைச் செடிகளே இல்லை. அலிசமும் லொபிலியாவும் இதமான குளிரில் பூப்பவை, வெயில் கடுமையானால் பூப்பதை நிறுத்திவிடும். விதைப் பாக்கெட்டில் கோடைப் பூ என்று போட்டிருப்பது பெரும்பாலும் கோடையே இளவெயிலாக இருக்கும் நாடுகளை வைத்துப் போட்டது. வெயில் கொளுத்தும் இடத்தில் இருப்பவர்கள் அந்த வார்த்தையை அப்படியே நம்ப வேண்டாம். அலிசத்தைப் பாதியாக வெட்டிவிட்டிருந்தால் வெயில் தணிந்த பிறகு திரும்பவும் தளிர்த்துப் பூத்திருக்கும், அது செத்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்குபவர்கள் நிறைய.

செடிப் பெயர்களுக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயம். குட்டைச் செடி தன் வாழ்நாள் முழுவதையும் தரையை ஒட்டிய அரையடி உயரத்துக்குள்தான் கழிக்கிறது. காற்றின் வெப்பம் 38 டிகிரி இருக்கும் நாளில் வெயிலில் கிடக்கும் காய்ந்த வெற்று மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியையும் தாண்டிவிடும். உங்களுக்குப் பக்கத்திலேயே சிமென்ட் பாதை வேறு, அது பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி வரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். நாம் நின்றுகொண்டு உணரும் வெயிலும் அந்தச் செடியின் தண்டும் வேரும் உணரும் வெயிலும் ஒன்றில்லை. பின்னால் செம்பருத்தி வாடாமல் நிற்கும்போதே முன்னால் இருக்கிற சின்னச் செடிகள் சுருண்டுபோவது இதனால்தான், போதாததற்குச் செம்பருத்தியின் வேர்களும் அந்தப் பாத்திக்குள் வந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

ஆகவே மண் வெறுமையாகத் தெரியக்கூடாது, நான் முதலில் பார்ப்பது இதைத்தான். போன வருடம் எத்தனை செடி வைத்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, இருபதுக்கு மேல் இருக்காது என்று நினைக்கிறேன். 24 சதுர அடிக்கு 9 அங்குல இடைவெளியில் மூன்று வரிசை, வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றி நட்டால் 45-க்கும் மேல் வரும். அதிகமாகத் தோன்றும், ஆனால் ஐந்தாறு வாரத்தில் ஒன்றோடொன்று கை கோத்து மண்ணை மூடிவிடும், பிறகு அதன் நிழலே அதன் வேருக்குப் பாதுகாப்பு. மூடும் வரை இடைவெளிகளில் காய்ந்த இலைச்சருகோ நன்றாக மட்கிய உரமோ ஓர் அங்குலத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். பெரிய செடிகளுக்குப் போடுவது போல மூன்று அங்குலம் குவித்தால் குட்டைச் செடி அதற்குள் மூழ்கிவிடும். தண்டைச் சுற்றி இரண்டு விரல் அளவு இடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று நடும் காலம். கடும் வெயில் வருவதற்கு ஆறு வாரத்துக்கு முன்பாவது செடி மண்ணில் இருக்க வேண்டும். பூவோடு வாங்கிய செடி அழகாக இருக்கும், உண்மைதான், ஆனால் அது சின்னத் தொட்டிக்குள் வேர் சுருண்டு, இருக்கிற சக்தியையெல்லாம் பூவில் செலவழித்துவிட்டு வருகிறது. நர்சரியில் பெரும்பாலும் நிழல்வலைக்குக் கீழேதான் வளர்ந்திருக்கும், அதைக் கொண்டுவந்து நேராக மேற்கு வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும். நான் பூ இல்லாத, கட்டையான, பக்கக்கிளை விட்ட நாற்றாகத்தான் தேடி வாங்குவேன். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை முதலில் ஒரு மணி நேர வெயில், பிறகு இரண்டு, மூன்று என்று பழக்கி, சாயங்காலத்தில் நட்டு, இருக்கிற மொட்டையெல்லாம் கிள்ளிவிடுவேன். கிள்ளுவதற்கு மனது வராது. கிள்ளிய செடியும் கிள்ளாத செடியும் ஒரு மாதம் கழித்து எப்படி நிற்கின்றன என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் அடுத்த முறை கை தானாகப் போகும்.

இனி செடி. உங்கள் இடத்துக்கு என் தேர்வு முன்வரிசையில் டேபிள் ரோஸ், நடுவில் குட்டை வாடாமல்லியோ நீல எவால்வுலசோ, செம்பருத்தியை ஒட்டிப் பின்வரிசையில் குட்டை ஜினியா. ஜினியாவில் ப்ரொஃப்யூஷன் என்ற வரிசை கிடைத்தால் அதையே வாங்குங்கள், முக்கால் அடியிலிருந்து ஒன்றேகால் அடிக்குள் நிற்கும். சாதாரண ஜினியாவையும் ஒல்லி இலை ஜினியாவையும் கலந்து உண்டாக்கியது, அதனால் சாதாரண ஜினியாவைப் பிடிக்கிற சாம்பல் நோய் இதற்கு அவ்வளவாக வராது. 1999-இல், புது ரகங்களை வளர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஆல்-அமெரிக்கா செலக்சன்ஸ் அமைப்பின் தங்கப்பதக்கம் இதன் இரண்டு நிறங்களுக்குக் கிடைத்தது. பழைய பூவைக் கிள்ளாமல் விட்டாலும் புதுக் கிளை வந்து அதை மறைத்துவிடும், வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.


பத்துமணி:

டேபிள் ரோஸ் என்று ஒருவர் சொல்லிவிட்டார், இனி நான் பேசாமல் இருக்க முடியாது. பதினோரு வருடமாக இந்த ஒரு செடியைத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பத்து மணிப் பூ, பட்டு ரோஸ் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் போர்ட்டுலாக்கா கிராண்டிஃப்ளோராதான், தென் அமெரிக்காவில் பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே பக்கத்துச் செடி. அரையடிக்கு மேல் எழும்பாது, படர்ந்துகொண்டே போகும். ஊசி மாதிரி உருண்டையான இலையும் அடுக்குப் பூவும் இருந்தால் அது கிராண்டிஃப்ளோரா. தட்டையான அகல இலையும் ஒற்றை அடுக்குப் பூவும் இருந்தால் அது அதன் சொந்தக்காரன் அம்ப்ராட்டிகோலா, பருப்புக்கீரையும் இதே குடும்பம்தான். இரண்டுமே உங்கள் இடத்துக்குப் பொருந்தும், ஆனால் என் மனது அடுக்குப் பூவின் பக்கம்தான்.

இந்தச் செடி வெயிலைத் தாங்குவதற்குப் பின்னால் ஒரு அற்புதமான ஏற்பாடு இருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்துதான் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்க முடியும், திறக்கும்போது தண்ணீரும் ஆவியாகிப் போய்விடும். போர்ட்டுலாக்கா சாதாரண நாளில் மக்காச்சோளம், கரும்பு மாதிரி வெயிலுக்கு ஏற்ற முறையில் உணவு தயாரிக்கும், தண்ணீர் இல்லாத நிலை வந்தால் கள்ளிச்செடி மாதிரி ராத்திரியில் துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிச் சேமித்து வைத்துக்கொண்டு பகலில் கதவைச் சாத்திக்கொள்ளும். இரண்டு முறையும் ஒரே செடிக்குள் இருப்பது தாவர உலகத்திலேயே மிக அரிது. நாலு நாள் தண்ணீர் விட மறந்தாலும் அது சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

விதை மிளகாய்ப்பொடி மாதிரி அவ்வளவு நுணுக்கம். ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி காய்ந்த மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட்டு, ஸ்ப்ரேயரால் நனைத்தால் போதும். மேலே மண் போடக்கூடாது, இதன் விதைக்கு முளைக்க வெளிச்சம் தேவை. ஒன்றிலிருந்து இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். விதையை விட எளிது தண்டு நறுக்கு: மூன்று நாலு அங்குலம் நுனித் தண்டை ஒடித்து, கீழ் இலைகளை உருவிவிட்டு, வெட்டுவாய் காய ஒரு நாள் நிழலில் வைத்து, ஈரமண்ணில் செருகினால் பத்து நாளுக்குள் வேர் பிடிக்கும். நாலு நிறத்தில் நாலு செடி வாங்கினால் போதும், 12 அடிக்கு வேண்டிய மீதி எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுத்துவிடலாம்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், பூ வெயில் பட்டால்தான் விரியும். காலை வெயில் உங்களுக்கு இல்லை என்பதால் விரிய பதினொன்றரை ஆகலாம், பிற்பகலில் சுருங்கிவிடும், மேகமூட்டமான நாளில் பாதிப் பூ கண்ணே திறக்காது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து பூ பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது மட்டும் போதாது, கூட வாடாமல்லி மாதிரி நாளெல்லாம் நிற்கும் பூ ஒன்று வேண்டும். மண்ணில் சத்து அதிகமானாலும் பிரச்சினை, தழைச்சத்து உரம் போட்டீர்கள் என்றால் தண்டு கொழுத்து இலையாக வளரும், பூ குறையும்.


கொடிமல்லி:

இவ்வளவு கஷ்டப்பட வேண்டாமே, வெடேலியா வைத்துவிடுங்கள். மஞ்சள் பூ, வெயிலோ நிழலோ எதுவானாலும் சரி, பத்துத் துண்டு நட்டால் இரண்டு மாதத்தில் பாத்தி நிறைந்துவிடும், வருடம் முழுக்கப் பூ. எங்கள் வீட்டில் அதுதான், ஒரு வேலையும் இல்லை.


வரப்பு:

கொடிமல்லி, நீங்கள் சொல்வது எல்லாம் உண்மை, அந்தக் குணங்களால்தான் அதை வைக்க வேண்டாம் என்கிறேன். வெடேலியா டிரைலோபாட்டா உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்கள் என்ற பட்டியலில் இருக்கும் செடி, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்தது. கணுவுக்குக் கணு வேர் விடும், வெட்டிக் குப்பையில் போட்ட துண்டு கூட ஈரம் கிடைத்தால் பிழைத்துக்கொண்டு வாய்க்கால் ஓரம், காலி மனை என்று பரவும். பரவிய இடத்தில் வேறு எதையும் முளைக்க விடாது. நான் ஒருமுறை வைத்துவிட்டு அதை முழுவதுமாக எடுக்க இரண்டு வருடம் களைக்கொத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சள் கரிசலாங்கண்ணியும் இதே சாயலில் இருக்கும், இரண்டும் நெருங்கிய சொந்தம், அதனால் சிலர் இதையே மூலிகை என்று நினைத்து வளர்க்கிறார்கள். வெடேலியா வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது, இலையின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாகப் பல் மாதிரி மடல் தெரியும்.

உண்ணிச்செடியும் அதே பட்டியலில் இருக்கிறது. அதில் படரும் ஊதா வகை குட்டையாக அழகாக இருக்கும், நர்சரியில் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் உண்ணிச்செடிக் குடும்பம் கால்நடைக்கும் நாய்க்கும் விஷம், பச்சைக் காயைக் குழந்தை வாயில் போட்டாலும் ஆபத்து. உங்கள் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

நாயைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. நித்யகல்யாணியின் எல்லாப் பாகமும் விஷம். வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் அதிலிருந்துதான் வருகின்றன, அவ்வளவு வீரியமான பொருள்கள் அந்த இலையில் இருக்கின்றன. டேபிள் ரோஸில் கரையும் ஆக்சலேட் இருப்பதால் நாய் நிறையத் தின்றால் உடம்புக்கு ஆகாது. மழை லில்லி வைக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும், அதன் கிழங்கு நாய்க்கு விஷம், தோண்டும் பழக்கம் உள்ள நாய் என்றால் தவிர்த்துவிடுங்கள். ஜினியாவும் பெட்டூனியாவும் நாய்க்கு விஷமில்லாதவை. ஆகவே வாசலை ஒட்டி நாயும் குழந்தையும் புழங்கும் பக்கம் முழுக்க ஜினியா, கேட் பக்கம் டேபிள் ரோஸ் என்று பிரித்து, நடுவில் அரையடிக் கம்பித் தடுப்பு ஒன்று வைத்துவிடலாம். மண்வாசம் சொன்னது போல மூன்று வரிசையாக நீளவாட்டில் நடுவதை விட இது உங்களுக்கு ஏற்றது.


பாதையோரம்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. மண்வாசம் சொன்னது சரிதான், மொத்தம் 18 செடிகள்தான் வைத்திருந்தேன், பாதி இடம் வெறும் மண்ணாகத்தான் இருந்தது.

இன்று காலையில் பாத்தியைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். நேற்று தண்ணீர் விட்டிருந்ததால் மேலே இரண்டு அங்குலம் சேறு மாதிரி ஈரமாக இருந்தது. அதற்குக் கீழே கடப்பாரை வைத்துத்தான் கிளற முடிந்தது, கல் மாதிரி காய்ந்த களிமண். நான் இத்தனை நாளும் தினமும் தண்ணீர் விடுகிறேன் என்ற தைரியத்தில் இருந்தேன், கீழே ஒரு சொட்டு போகவில்லை என்று பார்த்தபோது மனதுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மணல் ஒரு மூட்டை வாங்கிக் கலந்துவிட்டால் சரியாகுமா? நித்யகல்யாணி அழுகியதும் இதனால்தானா?


வேர்நுனி:

மணல் வேண்டாம், தயவுசெய்து. களிமண்ணில் கொஞ்சமாக மணல் கலந்தால் இன்னும் இறுகும், மணல் துகளுக்கு இடையில் களி போய் அடைத்துக்கொண்டு செங்கல் மாதிரி ஆகிவிடும். மட்கிய உரம்தான் களிமண்ணைத் தளர்த்தும்.

முதலில் வடிகாலைச் சோதியுங்கள். ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்துக்குக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி முழுவதும் வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரு மணிக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இறங்கினால் அந்த மண்ணில் கோடைச் செடிகளில் பாதி தங்காது.

நித்யகல்யாணி விஷயம். அது வெயிலைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும், ஈரமான இலையோடு ராத்திரியைக் கழிப்பதை மட்டும் தாங்காது. ஃபைட்டோஃப்தோரா என்ற அழுகல் நோய் மண்ணிலேயே இருக்கும். ஹோஸை மேலிருந்து பீய்ச்சும்போது மண்ணில் பட்டுத் தெறிக்கும் தண்ணீரோடு அது தண்டுக்கும் இலைக்கும் ஏறுகிறது, சாயங்காலம் விட்ட தண்ணீர் விடியும் வரை காயாமல் இருக்கும்போது அது உள்ளே நுழைய வேண்டிய நேரம் முழுவதும் கிடைத்துவிடுகிறது. முதலில் ஒரு கிளை வாடும், தண்டில் கரும்பழுப்புப் பட்டை தெரியும், பார்க்கிறவர்கள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் விடுவார்கள். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான். எனக்கும் ஒரு கோடையில் 30 செடி இப்படிப் போயிருக்கிறது, முதல் வாரமே தெரிந்திருந்தால் பாதியையாவது காப்பாற்றியிருப்பேன். இந்த நோயைத் தாங்குவதற்காகவே கோரா எக்ஸ்டிஆர் என்ற வரிசையை உருவாக்கியிருக்கிறார்கள், ஆனால் நாயும் குழந்தையும் இருக்கும் வீட்டில் அதைக்கூடச் சொல்ல மாட்டேன். அதே இடத்தில் இந்த வருடம் நித்யகல்யாணி திரும்ப நடாமல் இருப்பது நல்லது.

தண்ணீர் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். வாரத்துக்கு ஓர் அங்குலம் என்பது அடிப்படைக் கணக்கு, உங்கள் 24 சதுர அடிக்கு அது ஏறத்தாழ 57 லிட்டர் வரும். அதை ஏழு நாளுக்குப் பிரித்துத் தெளிக்காமல் வாரத்துக்கு இரண்டு தடவை, அதிகாலையில், ஹோஸை மெதுவாகத் திறந்து தரையோடு வைத்து, மண்ணுக்குள் இறங்குமாறு விடுங்கள். உச்சி வெயில் வாரங்களில் இதில் இரண்டு மடங்கு வரை போகலாம். நட்ட முதல் இரண்டு வாரம் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, வேர் மேலேயே இருக்கும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்த்து விட வேண்டும். விட்ட பிறகு விரலையோ குச்சியையோ மண்ணுக்குள் செலுத்திப் பாருங்கள், நாலு அங்குலம் வரை ஈரம் இருந்தால் சரி. மத்தியானம் இலை தொங்கினால் பதற வேண்டாம், சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிட்டால் வேருக்குத் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.


தென்றல்:

நிழல் பக்கம் இருப்பவர்களுக்காக ஒரு வரி, கேள்வி அது இல்லை என்றாலும். மதிய வெயில் படாத இடத்தில் டொரேனியாவும் மெழுகு பிகோனியாவும் ஓர் அடிக்குள் கோடையிலும் நன்றாகப் பூக்கும். அங்கே டேபிள் ரோஸ் வைத்து ஏமாற வேண்டாம், தண்டு மட்டும் நீளும்.

குளிர்காலத்தில் பனி உறையும் இடத்தில் இருக்கிறவர்களுக்கு மேலே சொன்ன செடிகள் எல்லாம் ஒரு பருவச் செடிகள்தான், கடைசிப் பனி போன பிறகு நட வேண்டும், முதல் பனியில் போய்விடும். வருடா வருடம் திரும்ப வர வேண்டும் என்றால் டெலோஸ்பெர்மா, படரும் தைம், குட்டை செடம் மூன்றையும் பாருங்கள், மூன்றுக்கும் தேவை வெயிலும் நல்ல வடிகாலும்தான். என் வீட்டுக் கல்பாத்தியில் டெலோஸ்பெர்மாவுக்கு நான் தண்ணீர் விடுவதே அபூர்வம், நாலு அங்குல உயரத்தில் ஊதாச் சிவப்புப் பூ இலையே தெரியாமல் மூடியிருக்கும்.


பாதையோரம்:

குழிச் சோதனை செய்துவிட்டேன். இரண்டாவது தடவை நிரப்பிய பிறகு ஒரு மணி நேரத்தில் அரை அங்குலம்தான் இறங்கியது. அப்படியென்றால் இந்தப் பாத்தியில் எதுவும் வராதா?


மண்வாசம்:

வரும், கீழே தோண்டுவதற்குப் பதிலாக மேலே உயர்த்துங்கள். களிமண்ணைத் தோட்ட முள்கரண்டியால் நாலைந்து அங்குலம் மட்டும் கிளறிவிட்டு, சுற்றிலும் கல் அடுக்கி, அரையடி உயரத்துக்குப் புது மண்கலவை போடுங்கள். 12 அடிக்கு 2 அடிக்கு அரையடி என்றால் 12 கன அடி, சுமார் 340 லிட்டர் கலவை வேண்டும். பாதி தோட்டத்து மேல்மண், மீதியில் மட்கிய தொழு உரமோ இலைமட்கோ ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. செம்பருத்தியின் அடித்தண்டை மட்டும் புது மண்ணால் மூடிவிடாதீர்கள், அந்தப் பக்கம் ஒரு சாண் இடம் விட்டுக் கல்லை அடுக்குங்கள். டேபிள் ரோஸ் வரப்போகும் பாதியில் உரத்தைக் குறைத்துப் பெருமணலோ நொறுக்கிய செங்கலோ சேர்க்கலாம். வேர்நுனி மணல் வேண்டாம் என்றது களிமண்ணில் கலப்பதற்கு, உயர்த்திய தளர்ந்த கலவையில் அந்தப் பிரச்சினை இல்லை.

வரப்பு சொன்ன பிரிப்பு என்னுடையதை விட நல்லது, நான் நாயைப் பற்றி யோசிக்காமல் எழுதிவிட்டேன். வாசல் பக்கம் 7 அடிக்கு ஜினியா, கேட் பக்கம் 5 அடிக்கு டேபிள் ரோஸ். ஜினியா விதை பெரிதாக இருக்கும், நேரடியாகவே பாத்தியில் கால் அங்குல ஆழத்தில் ஊன்றலாம், நாலிலிருந்து ஆறு நாளில் முளைக்கும், ஏழெட்டு வாரத்தில் பூ. இடைவெளி 10 அங்குலம் விடுங்கள், அதற்குக் காற்றோட்டம் தேவை.

கோடையின் நடுவில் ஒரு கட்டத்தில் எல்லாச் செடியும் களைத்துப்போய் நடுப்பகுதி வெறிச்சோடித் தெரியும். அப்போது முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் சாயங்காலம் மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் கத்தரித்துவிடுங்கள். அதற்கு மேல் வெட்டினால் அதுவரை இலைநிழலில் இருந்த தண்டு திடீரென்று வெயிலில் வெந்துவிடும், அதனால் கொளுத்துகிற வாரத்தில் செய்யாமல் கொஞ்சம் மேகம் கட்டுகிற நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். பாத்தி முழுவதையும் ஒரே நாளில் வெட்டாமல் இந்த வாரம் ஒன்று விட்டு ஒரு செடி, பத்து நாள் கழித்து மீதி என்று செய்தால் பூ இல்லாத நாளே இருக்காது. வெட்டிய டேபிள் ரோஸ் நுனிகளை எறிய வேண்டாம், வழுக்கை விழுந்த இடங்களில் செருகிவிடுங்கள்.


பத்துமணி:

ஒரு சின்ன விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். டேபிள் ரோஸ் காய்த்து விதை தானாகக் கொட்டி அடுத்த பருவம் முளைக்கும், ஆனால் வீரிய ஒட்டு வகை என்றால் அடுக்கு குறைந்தும் நிறம் மாறியும்தான் வரும். பிடித்த நிறத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு தண்டை ஒரு தொட்டியில் தனியாக வளர்த்து வையுங்கள். மாவுப்பூச்சி வருகிறதா என்று கணுக்களில் அவ்வப்போது பாருங்கள், வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிந்தால் ஆரம்பத்திலேயே தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டால் போதும், காலை வேளையில்.


வரப்பு:

ஜினியாவுக்குப் பக்கத்தில் பிரெஞ்சு செண்டு வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் கேட்பார்கள். வைக்கலாம், முக்கால் அடிக்குள் நிற்கும். உச்சி வெயிலில் கொஞ்ச நாள் பூப்பதை நிறுத்தும், வெயில் தணிந்ததும் திரும்பும், அந்த இடைவேளை தெரிந்து வைத்தால் ஏமாற்றம் இருக்காது. காய்ந்த வெயிலில் செஞ்சிலந்தி பிடிக்கும், இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.


பாதையோரம்:

சரி, முடிவு செய்துவிட்டேன். செண்டு இந்த வருடம் வேண்டாம், இரண்டே வகையில் நன்றாகக் கற்றுக்கொள்கிறேன். பாத்தியின் ஓரத்துக்குக் கல் சனிக்கிழமை வருகிறது, மண்கலவை ஞாயிற்றுக்கிழமை. கடும் வெயிலுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. ஜினியா விதை கையில் இருக்கிறது, டேபிள் ரோஸ் நாலு நிறம் பக்கத்து வீட்டிலேயே கிடைத்துவிட்டது, அடுக்கு மஞ்சள், அடுக்கு வெள்ளை, ரோஸ், ஆரஞ்சு. தண்டுகளை ஒடித்து நிழலில் ஒரு தட்டில் பரப்பி வைத்திருக்கிறேன், மொத்தம் 32 இருக்கின்றன. ஹோஸ் முனையிலிருந்த ஸ்ப்ரே மூடியையும் கழற்றிவிட்டேன். நாளை காலை வெட்டுவாய் காய்ந்திருந்தால் தற்காலிகமாக ஒரு அகலத் தொட்டியில் செருகி வேர் பிடிக்க வைத்துவிட்டு, பாத்தி தயாரானதும் மாற்றி நடலாம் என்றிருக்கிறேன், அதில் தவறு ஏதும் இருந்தால் இன்று ராத்திரிக்குள் சொல்லுங்கள்.


பத்துமணி:

தவறே இல்லை. முதல் நாலு நாள் தொட்டியை நேர் வெயிலில் வைக்காதீர்கள், அது மட்டும்தான்.